தோளில் இருந்த கை

டிசம்பர் 9, திங்கள்

சத்யபிரியாவுக்குப் பிறந்தநாள். வகுப்பில் எல்லார் ஸ்டேட்டஸிலும் நான் செய்த போஸ்டர்தான். ரோஸ் கலர் பின்னணி, நடுவில் அவள், மேலே 'எங்கள் வகுப்பின் குரலுக்கு இனிய பிறந்தநாள்'. அவள்தான் வகுப்புப் பிரதிநிதி. குரலும் அப்படித்தான், இங்கே பேசினால் அரிமளத்தில் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். வேப்பமரத்தடியில் கேக் வெட்டினார்கள். பாதி கேக் அவள் மூஞ்சியில், மீதி அரவிந்த்குமார் சட்டையில். தின்னக் கிடைத்தது ஒரு விரல் அளவுதான்.

மூன்றாம் ஆண்டு பி.ஏ. வரலாறு. இந்த வகுப்பில் எனக்கு எழிலரசன் என்று ஒரு பெயர் இருப்பதே பலருக்கு மறந்திருக்கும். போஸ்டர்காரன். போனிலேயே செய்துவிடுவேன். பிறந்தநாள், அக்கா கல்யாணம், அண்ணன் போலீஸ் வேலைக்குப் போனது, தாத்தா செத்தது, எதுவானாலும் "எழிலு, ஒரு போஸ்டர் போட்று மாப்ள" என்று வந்து நிற்பார்கள். பாடத்தில் சந்தேகம் கேட்டு என்னிடம் ஒரு ஆள் வந்ததில்லை. இதில் மட்டும் நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பெருமைதான், இல்லை என்று எழுதினால் பொய்.

ஜெபக்குமாருக்கு மட்டும் இதுவரை ஒன்றுகூடப் போட்டதில்லை. முதல் வருஷத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. தினமும் ஜெகதாப்பட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன். போன பிறந்தநாளுக்கே கேட்டேன். "வேணாம்டா, கண்ணு பட்ரும்னு எங்கம்மா பயப்படும். கடலுக்குப் போற வீடு" என்றான். கடலுக்குப் போகிறவர் உங்கள் அப்பா, நீ காலேஜுக்குத்தானே வருகிறாய் என்றேன். சிரித்தான், ஆனால் சரி என்று சொல்லவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

மழை. லீவு. விறகு நனைகிறது என்று அம்மா காலையிலிருந்து புலம்பல். "ஊருக்கெல்லாம் போஸ்டர் போடுறவன் வீட்ல வெறக மூட ஒரு பிளக்ஸ் இல்ல." நான் போனில் செய்கிறவன், அச்சடிக்கிறவன் இல்லை என்று சொன்னால் கேட்கவா போகிறாள்.

ஜனவரி 10, வெள்ளி

காலேஜில் பொங்கல். துறைக்கு ஒரு அடுப்பு, ஒரு பானை. தமிழ்த்துறைப் பானை முதலில் பொங்கி, பிள்ளைகள் குலவை போட்டார்கள். எங்கள் பானை பொங்குவதற்கு முன்பே அடிப்பிடித்துவிட்டது. நான் கிண்டுகிறேன் என்று கரண்டியை வாங்கிய அரவிந்த்குமார் கரும்பு உடைக்கப் போனவன், திரும்பி வரவேயில்லை. அவன் எதையும் முதல் ஆளாக ஆரம்பித்துவைப்பான், அத்தோடு சரி. ஆனாலும் வழித்துத் தின்றோம்.

பையன்கள் எல்லாரும் ஒரே மாதிரி நீலச் சட்டை, வேட்டி. ஜெபாவுக்கு இடுப்பில் வேட்டி நிற்காது. உள்ளே பெல்ட் கட்டியிருந்தான். அதைச் சத்யபிரியா பார்த்துத் தொலைத்து வகுப்புக்கே அறிவித்துவிட்டாள்.

துறைப் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தோம். எந்தப் போட்டோவிலும் ஜெபா சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடுவான். இந்தத் தடவை நான் தோளில் கை போட்டு ஒரு கிள்ளு கிள்ளினேன். முழித்திருக்கிறான், சிரித்துமிருக்கிறான். மூன்று வருஷத்தில் அவன் கண் திறந்து விழுந்த ஒரே படம் இதுதான்.

சாயங்காலம் நானும் ஜெபாவும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனோம். ஏப்ரலோடு காலேஜ் முடிகிறது, அப்புறம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு அந்தக் கவலையே இல்லை. எல்லாம் யோசித்து வைத்திருக்கிறான். டிகிரி, அப்புறம் பி.எட்., அப்புறம் கரைப்பக்கமே ஏதாவது ஒரு பள்ளிக்கூடம். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் இவன் ஒருத்தன்தான். "நான் வாத்தியாராகி நிக்கிறப்ப ஒரு போஸ்டர் போடு. அதுக்கு எங்கம்மா ஒண்ணும் சொல்லாது" என்றான். இப்போதே ஒரு நல்ல டிசைன் எடுத்து வைக்கிறேன் என்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

ஜெபாவின் அப்பா சூசைராஜுக்குக் காய்ச்சல் விடவில்லையாம். நாளைக்குச் சனிக்கிழமை, விசைப்படகுகள் போகிற நாள். படகில் ஒரு ஆள் குறைகிறது. "நான் போய்ட்டு வாரேன்டா. இல்லேன்னா அப்பா எடத்துல வேற ஆளப் போட்ருவாக" என்றான்.

உனக்கு வலை இழுக்கத் தெரியுமா, வேட்டியே நிற்க மாட்டேன் என்கிறது என்றேன். "சார்லஸ் மாமா இருக்காரு, அவரு பாத்துக்குவாரு." படகு ஓட்டுகிறவர் அவர். சொந்த மாமா இல்லை, அப்பாவோடு பல வருஷமாகப் போகிறவர். சனிக்கிழமை காலையில் போனால் ஞாயிறு காலையில் கரை.

"திங்கக்கிழமை மொத ஹவருக்குக் கொஞ்சம் லேட்டாகும். அட்டெண்டன்ஸ் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அது ஒரு பெரிய வேலையா. அவன் குரலில் "உள்ளேன் ஐயா" சொல்வதில் நான் கெட்டிக்காரன். முதல் ஹவர் எடுக்கிற சாருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு, பகல்

ஜெபா இல்லை.

எழுதிப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை. பத்து மணி வாக்கில் அரவிந்த் போன் பண்ணினான். காலேஜில் கொடியேற்றத்துக்கு வந்த கோட்டைப்பட்டினத்துப் பையன் ஒருத்தன் சொன்னானாம். படகின் அடிப்பலகை பெயர்ந்து தண்ணீர் ஏறி மூழ்கிவிட்டது. நாலு பேரில் இரண்டு பேர் கரைக்கு வந்துவிட்டார்கள். ஒரு உடல் கிடைத்திருக்கிறது. "படிக்கிற பையன்தான் போய்ட்டான்னு பேசிக்கிறாக" என்றானாம்.

ஜெபா போன் சுவிட்ச் ஆஃப். அவன் தங்கச்சி பிளெஸ்ஸிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. எப்படி எடுக்கும்.

வகுப்பு குரூப் முழுக்க மெழுகுவத்திப் படம். சத்யபிரியா அழுதுகொண்டே பேசினாள். "நீதான எழிலு அவன் பக்கத்துல ஒக்காருறவன். நீ போடலேன்னா யாரு போடுவா?" பொங்கல் போட்டோவிலிருந்து அவனை வெட்டி எடுத்தேன். தோளில் என் கை இருந்தது. அதைப் பெரிதாக்கி விரல் விரலாக அழித்தேன். 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே, 'மீளாத் துயரில், வரலாற்றுத்துறை மூன்றாம் ஆண்டு நண்பர்கள்' என்று கீழே. எழுத்து நன்றாக அமைந்துவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷம்கூடப் பட்டேன். என்ன ஜென்மம் நான்.

அரவிந்த் டவுனில் தெரிந்த கடையைத் திறக்கச் சொல்லி அதைப் பிளக்ஸாக அடித்துக்கொண்டு வருகிறான். மூன்று வண்டி. போகிற வழியில் என்னை ஏற்றிக்கொள்வார்கள்.

ஜனவரி 27, திங்கள்

நேற்று எழுதிய முதல் வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜெபா உயிரோடு இருக்கிறான்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் தெருவில் அழுகைச் சத்தமே இல்லை. வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஜெபாவின் அம்மா ஞானமணி. அழுகை கேட்டது இரண்டு தெரு தள்ளி. அப்போதாவது மண்டையில் ஏதாவது தட்டியிருக்க வேண்டாமா? கிடைத்த உடல் படகு ஓட்டிய சார்லஸ் அண்ணனுடையது. ஜெபாவைக் காணவில்லை, அவ்வளவுதான். படகுகள் தேடப் போயிருந்தன. எல்லாரும் காத்திருந்தார்கள். நாங்கள்தான் மாலையோடு போய் இறங்கினோம்.

அரவிந்த் இறங்கினதும் முதல் வேலையாகத் தெருமுனை கரண்டு கம்பத்தில் பிளக்ஸைக் கட்டினான். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். யாராவது ஒரு ஆள் ஏன்டா என்று கேட்டிருந்தால் நின்றிருப்போம். யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னார். "காலேஜ் பயலுகளே பேனரு அடிச்சிட்டு வந்துட்டானுவ. அப்பச் சேதி வந்துருச்சு போல."

எங்களுக்கு ஊர் சொன்னது. ஊருக்கு எங்கள் பிளக்ஸ் சொன்னது.

வாசலில் ஜெபமாலை நின்றது. ஒரு அம்மா மாரில் அடித்துக்கொண்டது, அப்புறம் எல்லாரும். கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்த சூசைராஜ் அப்பா போர்வையோடு எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞானமணி அம்மா அழவில்லை. நேராகக் கம்பத்துக்கு நடந்து வந்தது. பிளக்ஸில் அவன் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தது. அப்படியே கீழே சரிந்தது.

பிளெஸ்ஸி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "யாருண்ணே ஒங்ககிட்ட சொன்னா? யாரு பாத்தா?" என்று கேட்டது. பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை. எல்லாரும் சொன்னாங்கம்மா என்றேன். எல்லாரும்னா யாருன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியல. சத்தியமா எனக்குத் தெரியல. இந்த வீட்ல ஒரு வார்த்தை கேக்கணும்னு எங்க ஒருத்தனுக்கும் தோணல. போன் எடுக்கலேன்னா சாவு வீடுன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்.

அரை மணி நேரம் கழித்துத்தான் மல்லிப்பட்டினத்திலிருந்து போன் வந்தது. ஒரு நாட்டுப்படகுக்காரர் விடியற்காலையில் அவனைத் தூக்கியிருக்கிறார், கரை சேரும் வரை யாருக்கும் சொல்ல வழியில்லை. ஜெபாவே பேசினான். பிளெஸ்ஸி போனை அம்மா காதில் வைத்தது. அவன் "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவது எங்களுக்கே கேட்டது. ஞானமணி அம்மா போனைத் தள்ளிவிட்டது.

"வேற யாரோ பேசுறாக. அதான் படம் போட்டாச்சே" என்றது.

அரவிந்த் கயிற்றை அறுத்துப் பிளக்ஸைச் சுருட்டி என் கையில் திணித்தான். யாரும் எங்களை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று சார்லஸ் அண்ணன் அடக்கம். போகவில்லை. எந்த முகத்தோடு போவது.

வகுப்பு குரூப்பில் எல்லாரும் ஸ்டேட்டஸை அழித்துவிட்டார்கள். அழித்ததும் மறந்தும் விட்டார்கள். பட்டாசு படம், கைதட்டுகிற படம். அரவிந்த் எனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறான். 'மரணத்தை வென்ற மாப்ளன்னு ஒண்ணு போடு மாப்ள, எல்லாம் சரியாப் போயிரும்.' போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டேன். போஸ்டர் செய்கிற ஆப்பையும் அழித்துவிட்டேன்.

ஜெபா என்னை பிளாக் செய்திருக்கிறான்.

ஜனவரி 31, வெள்ளி

அவன் வரவில்லை. நம்பர் கூப்பிட்டதும் அவன் குரலில் நான் சொன்னேன், "உள்ளேன் ஐயா." வழக்கமாக இதற்குப் பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு எழும். இன்று யாரும் சிரிக்கவில்லை. சார் தலையைத் தூக்காமலே வருகை போட்டார்.

பிப்ரவரி 5, புதன்

காலேஜிலிருந்து வந்தால் கொல்லையில் விறகின் மேல் பிளக்ஸ் கிடக்கிறது. கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததை அம்மா எடுத்துவிட்டாள். எழுத்துப் பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. காற்றில் ஒரு ஓரம் மடங்கியிருந்தது. விறகுக்கு நடுவில் ஜெபா சிரித்துக்கொண்டிருந்தான்.

என்னடா இப்படிக் கத்துகிறாய் என்று அம்மா கேட்டாள். நான் கத்தியது எனக்கே தெரியவில்லை. "இது செத்தவனோடதா? செத்தவன் படத்தையா வெறகு மேல போட்டேன்?" என்று பதறினாள். சாகலம்மா, உசுரோட இருக்கான்மா என்றேன். "உசுரோட இருக்கறவனுக்கா இப்படிப் போட்டே?"

கத்தரிக்கோலை எடுத்து முகத்தை மட்டும் வெட்டினேன். எரிக்கக் கை வரவில்லை. என் சர்ட்டிபிகேட் வைத்திருக்கிற பெட்டிக்குள் அடியில் போட்டுவிட்டேன். மிச்சத்தை அம்மா மறுபடி விறகின் மேல் விரித்துவிட்டாள், நடுவில் ஒரு ஓட்டையோடு.

பிப்ரவரி 7, வெள்ளி

உள்ளேன் ஐயா.

பிப்ரவரி 10, திங்கள்

வகுப்பு முடிந்ததும் சார் என்னை நிறுத்தினார். "வியாழக்கிழமை இன்டர்னல். ஜெபக்குமார் வந்து எழுதணும். எழுதலேன்னா ஹால் டிக்கெட் வராது. அட்டெண்டன்ஸுக்கு நீ குரல் கொடுக்கலாம், பரீட்சைக்கு நீ கை கொடுக்க முடியாது." பிளெஸ்ஸி நம்பருக்குச் செய்தி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வந்தான். இளைத்திருக்கிறான். முழங்கையில் உப்புத் தண்ணீரில் உரிந்த தோல் இன்னும் சரியாக ஆறவில்லை. கூடவே ஞானமணி அம்மா. பரீட்சை எழுத அம்மாவோடு வந்த மூன்றாம் ஆண்டு மாணவனை இந்தக் காலேஜ் பார்த்திருக்காது. யாரும் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தாலாவது பரவாயில்லை. எல்லாரும் அவனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அவன் நடக்கிறதையே ஏதோ அதிசயம் போலப் பார்த்தார்கள்.

கேக் வெட்டுகிற வேப்பமரத்தடியில் அம்மா உட்கார்ந்துகொண்டது. காலையில் ஒரு தாள், மதியம் ஒரு தாள். நடுவில் இரண்டு தடவை, தண்ணீர் குடிக்க என்று கேட்டு ஜெபா வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கவில்லை. வராந்தா ஓரத்தில் போய் அம்மா கண்ணில் படுகிற மாதிரி நின்றுவிட்டுத் திரும்பினான்.

எனக்கு இடம் வேறு அறையாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். இடைவேளையில் ஞானமணி அம்மாவே என்னைக் கூப்பிட்டது.

"நீதான தம்பி அந்தப் படம் போட்டது?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் போட்டிருந்த. கண்ணு தொறந்து, சிரிச்ச மொகமா." தூக்குச் சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. "தோள்ல மட்டும் என்னமோ கலங்கின மாதிரி இருந்துச்சு."

"அது என் கைம்மா. படத்துல அவன் தோள்மேல கை போட்ருந்தேன். அழிச்சேன்."

"ஏன் அழிச்ச?"

செத்தவர் தோளில் கை இருந்தால் போஸ்டர் நன்றாக இருக்காது என்று அந்த அம்மாவிடம் சொல்ல முடியுமா? மன்னிச்சிருங்கம்மா என்று மட்டும் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, போடா என்றும் சொல்லவில்லை. தூக்குச் சட்டியைத் திறந்து, ஜெபா வருகிறானா என்று வராந்தாவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அவன் எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். எதுவரை கேட்டான் என்று தெரியாது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் அவனாகவே பேசினான். என் முகத்தைப் பார்க்காமல், பஸ் போர்டைப் பார்த்துக்கொண்டு.

"கேன் ஒண்ணுதான்டா மெதந்துச்சு. டீசல் கேன். சார்லஸ் மாமா அத எங்கிட்ட தள்ளிவிட்டாரு. புடிச்சுக்க, விட்றாதன்னாரு. அவ்வளவுதான் அவரு பேசுனது. அவரு செத்ததுக்கு ஊர்ல ஒரு பேப்பர்கூட ஒட்டலடா. எல்லாரும் என்னையப் பாக்க வந்துட்டாக. எனக்கு மாலை, எனக்கு பேனரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறியதும் அவனை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

உள்ளேன் ஐயா என்றேன். என் நம்பருக்கும், அவன் நம்பருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சத்யபிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் குரல் இப்போது பாதிகூட இல்லை. "நான்தான ஒன்னையப் போடச் சொன்னேன். நீ மட்டும் ஏன் தனியா ஒக்காந்து சாகுற?" என்றாள். நல்ல மனசில்தான் சொல்கிறாள். அன்றைக்கும் நல்ல மனசில்தான் சொன்னாள். நாங்கள் எல்லாருமே நல்ல மனசில்தான் போனோம், மூன்று வண்டியில்.

டீ வாங்கிக் கொடுத்தாள், குடித்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஜெபாவிடமிருந்து வாட்ஸ்அப். பிளாக்கை எடுத்திருக்கிறான்.

ஒரு போட்டோ. கிறிஸ்துமஸ் அன்று எடுத்தது போல, சர்ச் வாசல். வெள்ளைச் சட்டையில் நரைத்த மீசையோடு ஒருவர், பக்கத்தில் அவர் தோளில் கை போட்டபடி ஜெபா. வழக்கம்போல் கண்ணை மூடியிருக்கிறான். கீழே எழுதியிருந்தான்:

'சார்லஸ் மாமாவுக்குத் திங்கக்கிழமை முப்பதாம் நாள். அவருக்கு இருக்கிற நல்ல படம் இது ஒண்ணுதான். போட்டுத் தா. என்னைய வெட்டிரு. தோள்ல இருக்கிற கைய மட்டும் எடுக்காத.'

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

ஆப்பை மறுபடி இறக்கினேன். பெயரை மூன்று பேரிடம் கேட்டேன். ஜெபாவிடம், பிளெஸ்ஸியிடம், அப்புறம் சார்லஸ் அண்ணன் வீட்டுக்கே போன் பண்ணி அவர் மனைவியிடம். பிறந்த வருஷம் கேட்டேன். இறந்த தேதி கேட்டேன். அந்த அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, திரும்ப ஒரு தடவை படித்துக் காட்டினேன். "சரிதான் தம்பி" என்றது.

கையை எடுக்கவில்லை. மணிக்கட்டோடு ஜெபாவை வெட்டினேன். நாலு விரல் சட்டைமேல் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

ஜெகதாப்பட்டினம் போய் வந்தேன். பஸ்ஸில், தனியாக. பிளக்ஸை மடியில் வைத்துக்கொண்டு போனேன். யார் எங்கே கட்டச் சொல்கிறார்களோ அங்கே கட்டலாம் என்று சார்லஸ் அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன். அந்த அக்கா வெளியே வந்து விரித்துப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"இது யாரு கை?"

நான் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஞானமணி அம்மா சொன்னது. "எம்மவன் கை." சொல்லிவிட்டு அந்த அக்கா கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. யாரும் என்னை அங்கிட்டுப் போ என்று சொல்லவில்லை.

பூசை முடிந்து சாப்பாடு. ஜெபாதான் எனக்கு இலை போட்டான். சாப்பிட்டு முடித்து கை கழுவுகிற இடத்தில் கேட்டுவிட்டேன். இன்டர்னல் எழுதியாச்சு, அட்டெண்டன்ஸ் நான் பார்த்துக்கொள்கிறேன், சார் ஒன்றும் சொல்ல மாட்டார், மார்ச் மாசம் மட்டும் வா, ஏப்ரலில் பரீட்சை, அவ்வளவுதான்டா.

"ஐஸ் கம்பெனில சேந்துட்டேன்டா" என்றான்.

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஐஸ் கம்பெனி. வீட்டு வாசலில் நின்றால் அதன் கேட் தெரியும். கடலுக்கும் அம்மா விடாது, பஸ் ஏறவும் விடாது. அன்றைக்குக் காலேஜுக்கு வந்துபோனதற்கே மூன்று நாள் படுத்துவிட்டதாம். "போன்ல பேசுனா நம்ப மாட்டேங்குதுடா. அன்னைலேர்ந்து அப்படித்தான். வேற யாரோ பேசுறாகன்னுது. கண்ணால பாக்கணும். ஒரு மணி நேரத்துக்கு ஒருக்க கேட்டுக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும். நானும் வெளிய வந்து நிப்பேன்."

"எவ்வளவு நாளைக்குடா?"

"தெரியல."

"பி.எட்.?"

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரமாகத் துடைத்தான்.

"அட்டெண்டன்ஸ் சொல்றியாமே. பிளெஸ்ஸி சொல்லுச்சு" என்றான். "விட்ரு. இல்லாத எடத்துல இருக்கேன்னும் சொல்ல வேணாம்டா."

பஸ் ஏற்றிவிட அவன் வரவில்லை. வர முடியாது, பஸ் நிறுத்தம் வீட்டு வாசலிலிருந்து தெரியாது. தெருமுனை வரை வந்தான். கம்பத்தில் நாங்கள் கட்டிய கயிற்றின் ஒரு துண்டு இன்னும் இருந்தது. அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். என் தோளில் கையை வைத்து, "போய்ட்டு வாடா" என்றான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

முதல் ஹவர். சார் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என் நம்பருக்குச் சொன்னேன். ஜெபா நம்பர் வந்தது. வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. சத்யபிரியா பார்த்தாள், அரவிந்த் பார்த்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

சார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை அதே நம்பரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் குனிந்து ஏதோ எழுதிவிட்டு அடுத்த நம்பருக்குப் போனார்.